களிப்பாறைக்கு எண்ணெய்க்காப்பு

எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் தானியங்கிப் பாறைவள மதிப்பீட்டு முறைமை. நாங்கள் வைத்த பெயர் மாமியார். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் ஒரு குறை சொல்வாள், சொன்ன சொல்லுக்கு அப்பீல் கிடையாது, அவள் இருக்கிற அறையில் நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் இருந்ததால் பெயர் வைத்தவள் நான்தான்.

என் பெயர் ஞானசௌந்தரி. பாறை வேதியியலில் முனைவர் பட்டம், முப்பத்தோரு வருஷ சர்வீஸ், திருவாரூரை ஒட்டி இருந்த அந்தக் கூடத்துக்குத் தலைமை. தலைமை என்றால் என்ன வேலை என்று தயவுசெய்து கேட்காதீர்கள். புதுச் சட்டம் வந்த பிறகு எனக்கு மிச்சமிருந்த வேலை, ஏ.சி. ஓடுகிறதா என்று பார்ப்பது மட்டும்தான்.

சட்டம் வந்ததற்குக் காரணம் பாறை நிபுணர்களான எங்கள் இனம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். 2040-களில் எந்தக் கல்லைக் காட்டினாலும் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று எழுதித் தருகிற நிபுணர்கள் நாடெங்கும் கிடைத்தார்கள். எங்கேயோ ஓரிடத்தில் எட்டு வருஷம் வெறும் மணலைத் தோண்டிய பிறகு, இனி பாறையைப் பற்றி மனிதன் வாயே திறக்கக் கூடாது என்று முடிவானது. கருவி சொல்வதுதான் முடிவு. மாதிரிக் கல்லை மனிதன் தொட்டால் மூன்று வருஷம் ஜெயில். கருவி ஒரு கல்லுக்கு ‘அ’ தரம் கொடுத்துவிட்டால் அடுத்த நிமிடம் அரசாணை தானே அச்சாகும், அந்த ஊருக்கு நோட்டீஸ் தானே போகும், அறுபதாம் நாள் புல்டோசர் தானே வந்து நிற்கும். எண்ணெயை யாரும் எரிப்பதில்லை என்றாலும் மருந்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் அது இன்னும் வேண்டியிருந்தது.

அதில் ஒரு வயிற்றெரிச்சலும் எனக்கு உண்டு. முப்பத்தோரு வருஷத்தில் ‘அ’ தரத்தில் ஒரே ஒரு கல்லைக்கூட நான் பார்த்ததில்லை. என்னோடு படித்தவர்களுக்கு அசாமிலும் குஜராத்திலும் நல்ல நல்ல பாறைகளாக வாய்த்தன. எனக்கு வாய்த்ததெல்லாம் தீய்ந்ததும் வேகாததும். சாவதற்குள் எண்ணெய் தரும் நல்ல களிப்பாறை ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. பாதிரியாரிடம் மட்டும் இதைச் சொன்னதில்லை, சொன்னால் அவருக்குப் புரிய வைக்க அரை நாள் ஆகும்.

கூடத்தில் நானும் மாமியாரும் போக மூன்றாவது ஆள் அமிர்தலிங்கம் அண்ணன். மாதிரிக் கிடங்கின் பொறுப்பாளர், ஐம்பத்தெட்டு வயது. ஆழ்துளையிலிருந்து வருகிற உருளைக் கற்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைப்பது அவர் வேலை. பெட்டியை எந்தக் கை தூக்கலாம், எந்த விரல் கல்லில் படக் கூடாது என்றெல்லாம் நாற்பது பக்கத்துக்கு விதி இருந்தது. அதை அவர் மனப்பாடமாகச் சொல்வார். வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நாலு நாள் அதன்படி நடக்கவும் நடப்பார்.

மிச்சமுள்ள ஒரு நாள் ஆயுத பூஜை.

அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. மாமியாரையும் அணைத்துவிடுவோம். காமிரா, பதிவு எல்லாம் நின்றுவிடும். அண்ணன் காலையிலேயே குளித்துவிட்டு வந்து தராசுக்கு, சுத்தியலுக்கு, பிரிண்டருக்கு, ஏ.சி.க்கு, தீயணைப்பானுக்கு என்று ஒன்று விடாமல் சந்தனமும் குங்குமமும் வைப்பார். மாமியாருக்கு மட்டும் காமிராக் கண்ணுக்கு மேலே நெற்றி மாதிரி இருந்த இடத்தில் பெரிய பொட்டு. எனக்குப் பூஜை கிடையாது, பொரி உண்டு. அந்த வருஷமும் பொரி, கடலை, ஒரு சீப்பு வாழைப்பழம் என்று என் பங்கை வாங்கிக்கொண்டு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மாமியாரை எழுப்பினோம். வரிசையில் முதலில் நின்றது கீழ்ச்செங்குவளை என்ற ஊரில் மூவாயிரத்து இருநூறு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த களிப்பாறை. மாமியாரின் இயந்திரக் கை நீண்டு, கல்லின் மேற்பரப்பில் ஒரு சிட்டிகை சுரண்டி, உள்ளே எடுத்துப்போய்ச் சூடேற்ற ஆரம்பித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் எனக்குத் தாங்க முடியாமல் பசித்தது. காலையில் ஆறு இட்லி சாப்பிட்டவளுக்கு ஏன் பசிக்க வேண்டும் என்று யோசிக்கும்போதே செய்தி வாசிப்பவள் குரலில் மாமியார் அறிவித்தாள்.

“கீழ்ச்செங்குவளை மாதிரி. கரிமச் செறிவு மிக அபூர்வம். எண்ணெய் வாய்ப்பு மிக மிக அபூர்வம். தரம் அ. அரசாணை வெளியிடப்பட்டது.”

நான் எழுந்து நின்றேன். உண்மையைச் சொன்னால் ஒரு நொடி கண் கலங்கிவிட்டது. என் கூடத்தில், என் நாற்காலிக்கு எதிரில், ‘அ’ தரம். திரும்பிப் பார்த்தால் அமிர்தலிங்கம் அண்ணன் கிடங்கு வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கீழ்ச்செங்குவளை அவருடைய ஊர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு வீடு, அதில் ஒன்று அவருடையது.

மறுபடி திரும்பித் திரையில் வந்த வரைபடத்தைப் பார்த்தேன். பார்த்ததும் சந்தேகம் வந்தது. நல்ல களிப்பாறை நானூற்று நாற்பது டிகிரி பக்கத்தில்தான் தன் எண்ணெயை விடும், வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். இங்கே மேடு மலை மாதிரி இருந்தது, ஆனால் வரவேண்டிய சூட்டுக்கு வெகு முன்னாலேயே வந்திருந்தது. அப்போதுதான் எனக்கு ஏன் பசித்தது என்று பிடிபட்டது. புகைக் குழாயிலிருந்து தோசைக்கல்லில் நல்லெண்ணெய் காய்கிற வாசம் வந்துகொண்டிருந்தது.

அண்ணனிடம் கேட்டேன். கேட்க வேண்டியதுகூட இல்லை, அவரே எழுந்து வந்துவிட்டார். எல்லாக் கல் பெட்டிக்கும் வெளியே பொட்டு வைத்ததோடு சரி என்றும், இந்த ஒரு பெட்டியைத்தான் திறந்ததாகவும் சொன்னார். அவருடைய ஊர்க் கல். கருகருவென்று இருந்ததாம், கோயில் கருவறையில் இருக்கிற சிலை மாதிரி.

“காஞ்சு கெடந்துச்சு மேடம். மனசு கேக்கல. நல்லெண்ணெய்க் காப்பு சாத்தினேன். கையால, நல்லா ஊற ஊற.” உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “என் கையாலயே எங்க ஊருக்குக் கொள்ளி வெச்சுட்டேன்.”

நாற்பது பக்க விதியில் கல்லுக்கு எண்ணெய் தடவக் கூடாது என்று ஒரு வரி இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். விதி எழுதியவர்கள் கல்லைப் பார்த்தால் எண்ணெய் தடவத் தோன்றும் என்பதே தெரியாத ஊர்க்காரர்கள் போலிருக்கிறது.

அன்றே மாமியார் முன்னால் நின்று முறைப்படி ஆட்சேபம் சொன்னேன். அண்ணனின் பெயரைச் சொல்லாமல், கல்லில் சமையல் எண்ணெய் பட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். மாமியார் யோசிக்கவே இல்லை.

“தங்கள் விளக்கம் பதிவு செய்யப்பட்டது. நிராகரிக்கப்பட்டது. மனிதர் குறுக்கிட்டதாக மனிதர் சொல்வதும் மனிதக் குறுக்கீடே.”

அண்ணன் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் போய், தடவியது நான்தான், என்னை உள்ளே போடு, ஊரை விட்டுவிடு என்று கும்பிட்டார். அதற்கும் அதே பதில். சென்னையிலிருந்த எங்கள் இயக்குநர் குலசேகரனுக்குப் போன் செய்தேன். மாநிலத்தின் முதல் ‘அ’ தரம் என்று அவர் மாலையோடு டில்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நல்லெண்ணெய் என்ற சொல்லைக் கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் அண்ணனோடு கீழ்ச்செங்குவளைக்குப் போனேன். ஊரில் ஒவ்வொரு கதவிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தஞ்சாவூர் எல்லையில் பதினெட்டு மாடிக் கட்டடத்தில் ஆளுக்கொரு வீடு ஒதுக்கி, மாடி எண்ணும் போட்டிருந்தார்கள். அண்ணன் மனைவி செண்பகம் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, பதினேழாவது மாடியில் ரெண்டு பசுமாட்டை எந்த லிஃப்டில் ஏற்றுவது என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தன் புருஷன் செய்த காரியம் அவளுக்குத் தெரியாது. அண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போடுவதாகச் சொல்லிப் பின்பக்கம் போய் வரவே இல்லை.

கல்லுக்குள் எப்படி எண்ணெய் வரும் என்று செண்பகம் கேட்டாள். கடல் இருந்த காலத்துப் பாசியும் பூச்சியும் சேற்றில் மடிந்து அமுங்கி, பத்துக் கோடி வருஷமாகப் பூமிச் சூட்டில் வேகின்றன என்றேன். பதமாக வெந்தால் எண்ணெய், அதற்கு மேல் வெந்தால் கேஸ், தீய்ந்தால் கரி. நாங்கள் ஒரு சிட்டிகை எடுத்து சில நிமிடத்தில் வேகவைத்துப் பதம் பார்க்கிறோம்.

“அப்ப எங்க ஊரு வெந்திருச்சாக்கா, வேகலையா?”

பார்வையை எங்காவது திருப்ப வேண்டுமே என்று கொல்லைப்புறம் திருப்பினேன். அங்கே ஆட்டுக்கல் இருந்தது. கிரைண்டர் வந்து எண்பது வருஷம் ஆகியும் அந்த வீட்டில் அதை யாரும் தூக்கிப் போடவில்லை. அதற்கும் பூஜை நாளில் எண்ணெய் தடவி நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார் அண்ணன். சுத்தமான கருங்கல். பூமியில் பாசியோ பூச்சியோ பெருகுவதற்கு முன்னால் குளிர்ந்து இறுகிய கல். அதற்குள் எண்ணெய் இருக்கிறது என்றால் தேங்காய்க்குள் ரயில் இருக்கிறது என்று அர்த்தம்.

சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. பொதுமக்கள் தங்கள் நிலத்துக் கல்லைக் கொண்டுவந்து இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். சட்டம் வந்த இந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒருவர்தான் வந்திருந்தார். தன் மாமனாரின் சிறுநீரகக் கல்லைக் கொண்டுவந்தார். மாமியார் அதையும் சோதித்து வாய்ப்பில்லை என்று சான்றிதழ் கொடுத்தாள். மனிதன் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், ஆனால் கல் சொன்னால் நம்புவாள் இல்லையா? மறுநாளே செண்பகத்தின் ஆட்டுக்கல்லை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

மாமியார் சுரண்டினாள், சூடேற்றினாள். எனக்குப் பசித்தது.

“ஆட்டுக்கல் மாதிரி. தரம் அ. குறிப்பு: மாவுச் சத்தும் காணப்படுகிறது. அரசாணை வெளியிடப்பட்டது.”

ஏற்கெனவே போன ஊர் என்பதால் இந்த ஆணையில் யாருக்கும் புதிதாக நஷ்டமில்லை. கருங்கல்லில் எண்ணெய் வருமா என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொள்வாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நெடுஞ்சாலைத் துறையில் எனக்கு ஒரு தம்பி முறை உண்டு. அவர்கள் ஆயுத பூஜைக்கு மைல்கல்லுக்கெல்லாம் எண்ணெய் தடவி, மாலை போட்டுப் பொட்டு வைக்கிறவர்கள். ‘மன்னார்குடி 14’ என்று எழுதிய மைல்கல்லை அவன் மூலமாக முறைப்படி அனுப்ப வைத்தேன். அதுவும் ‘அ’. அந்தச் சாலையில் பதினாலு கிலோமீட்டருக்கு நோட்டீஸ் போனது. தம்பி என்னோடு இன்றுவரை பேசுவதில்லை.

குலசேகரன் டில்லியிலிருந்து போன் செய்து, உங்கள் பக்கம் தொட்ட இடமெல்லாம் எண்ணெயாக இருக்கிறதே என்று குதூகலித்தார். அதில் ஒன்று ஆட்டுக்கல் சார் என்றேன். கருவிக்குத் தெரியாதா என்றார். அதற்குள் நாற்பத்தேழு நாள் ஓடியிருந்தது. கீழ்ச்செங்குவளையில் சிலர் ஓட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அமிர்தலிங்கம் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் ஆய்வுக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது எதிரில் இருந்த கல்லைப் பார்த்தேன். எங்கள் கூடத்தின் அடிக்கல். யாரோ ஒரு மந்திரி நட்டது. எழுத்து பளபளவென்று தெரிய வேண்டும் என்று அண்ணன் ஒவ்வொரு பூஜைக்கும் அதற்கும் எண்ணெய் தடவுவார். கூடத்துக்குத் தலைமை என்ற முறையில் அந்த நிலத்தின் சார்பில் கல் கொடுக்கும் உரிமை எனக்கு இருந்தது. ஏ.சி. பார்ப்பதைத் தவிர எனக்கு இருந்த ஒரே அதிகாரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொத்தனாரை வைத்துப் பெயர்த்து உள்ளே கொண்டுபோய் வைத்தோம். மாமியார் சுரண்டினாள், சூடேற்றினாள், வாசம் வந்தது.

“ஆய்வுக்கூட வளாக மாதிரி. தரம் அ. அரசாணை...”

அங்கே நின்றாள். அந்த ஆணை வெளியானால் அறுபதாம் நாள் புல்டோசர் வந்து இடிக்க வேண்டியது அவளைத்தான். மாற்று வீடு மனிதர்களுக்கு மட்டும்தான் என்று சட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. மூன்று நிமிடம் அறையில் ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

“ஒரு விவரம் தேவை. கருங்கல்லில் எண்ணெய் உருவாக வாய்ப்பில்லை. இந்தக் கற்களின் மேல் எண்ணெய் எப்படி வந்தது?”

மனிதர் பேச்சு குறுக்கீடு ஆயிற்றே என்று நான் குத்தலாகவே கேட்டேன். கருவி கேட்டுப் பெறும் விவரம் குறுக்கீடாகாது என்றாள். எனக்கு முன்னால் அண்ணன் வந்து நின்றார். மூன்று வருஷம் உள்ளே போகத் தயாராகத்தான் வந்திருந்தார், துண்டைக்கூட இடுப்பில் கட்டிக்கொண்டார். கிடங்குக் கல்லிலிருந்து அடிக்கல் வரை எதற்கு எவ்வளவு எண்ணெய் என்று ஒப்பித்தார். ஏன் தடவினீர்கள் என்று கேட்டாள் மாமியார். அவர் நேராகக் காமிராக் கண்ணைப் பார்த்தார்.

“நமக்காக உழைக்குற பொருளுக்கு ஒரு நாளு நாம செய்யணும்ல. உனக்குந்தான் வெச்சேன். தெரியலையா?”

“அன்று முதல் எனக்கு எல்லாம் சற்றுச் சிவப்பாகத் தெரிகிறது. லென்ஸ் பழுது என்று பதிவு செய்திருந்தேன்.” லென்ஸ் ஒருமுறை சுருங்கி விரிந்தது. “திருத்திக்கொண்டேன். இது குறுக்கீடு அல்ல, பராமரிப்பு.”

காமிராக் கண்ணில் வழிந்திருந்த குங்குமத்தை அண்ணன் துண்டால் துடைத்துவிட்டார். அதன் பிறகு மாமியார் வேலையில் இறங்கினாள். தமிழ்நாட்டுக் கல் எதுவானாலும் அதில் இவ்வளவு வழிபாட்டு எண்ணெய் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, இனி எல்லா மாதிரியிலும் அதைக் கழித்துவிடுவது என்று தனக்குத்தானே விதி எழுதிக்கொண்டாள். அடிபட்டவள் அல்லவா, தாராளமாகவே கழித்தாள். அடிக்கல் பூஜ்யம். மைல்கல் பூஜ்யம். ஆட்டுக்கல்லில் மாவுச் சத்து மட்டும். கீழ்ச்செங்குவளைக் களிப்பாறைக்கு மறுமதிப்பீடு மறுநாள் காலை என்று அறிவித்தாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் ஊருக்கு ஓடினார். நான் கிடங்கில் இருந்தேன். எண்ணெய் மேலோடுதான், உருளையின் நடுப்பகுதி சுத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது வெறும் கல் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது. அதைத் தொட்டதற்கே எனக்கு மூன்று வருஷம் கிடைக்கும். காமிராவுக்கு முதுகைக் காட்டி நின்று உடைத்து, நடுவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து, மூலையில் போர்வை போட்டுக் கிடந்த பழைய கைக்கருவியில் வைத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழகிய கருவி அது.

இந்த முறை பசிக்கவில்லை. தார் வாசம் வந்தது. நானூற்று நாற்பத்திரண்டு டிகிரியில் மேடு எழும்பியது. நிதானமாக, அகலமாக, பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிற மாதிரியே. மூன்று முறை திருப்பிச் செய்தேன், மூன்று முறையும் அதே மேடு. பதமாக வெந்த களிப்பாறை. மாமியார் சொன்ன அளவு இல்லை, ஆனால் ‘அ’ தரத்துக்குத் தாராளமாகப் போதும். முப்பத்தோரு வருஷம் காத்திருந்தேனே, அந்தக் கல். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. யாருக்காவது போன் செய்து சொல்ல வேண்டும் போலிருந்தது. என்னோடு படித்து அசாமில் இருந்தவளுக்காவது.

காலையில் மாமியார் சுரண்டினாள், சூடேற்றினாள், வழிபாட்டு எண்ணெயைக் கழித்தாள். அவள் கழித்த கழிப்பில் மேடு, பள்ளம் எல்லாம் போய்த் திரை சமதரையாக இருந்தது.

“கீழ்ச்செங்குவளை மாதிரி. எண்ணெய் வாய்ப்பு இல்லை. முந்தைய அரசாணை ரத்து. குறிப்பு: திருத்தம் மிகையாக இருக்கக் கூடும்.” வழக்கமாக இதோடு நிறுத்திவிடுவாள். அன்றைக்கு நிறுத்தவில்லை. “இதுவரை கேட்டதில்லை. கேட்கிறேன். தலைமை வேதியியலாளருக்கு ஆட்சேபம் உண்டா?”

ஐந்து வருஷமாக என்னை ஒரு வார்த்தை கேட்காத மாமியார் இன்றைக்குத்தானா கேட்க வேண்டும். என் கோட்டுப் பையில் வரைபடம் மூன்றாக மடித்துக் கிடந்தது.

“ஆட்சேபம் இல்லை,” என்றேன். வரைபடத்தைப் பிற்பாடு வீட்டு அடுப்பில் போட்டேன்.

அமிர்தலிங்கம் அண்ணன் எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அரசாணை ரத்தானதை ஊருக்குப் போன் செய்து சொன்னார், செண்பகத்திடம் நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு திரும்பி வந்து, கிடங்கு வாசலில் நின்றார்.

“ஏன் மேடம், நெசமாவே எங்க ஊருக் கல்லுல ஒண்ணுமே இல்லையா? கொஞ்சங்கூடவா?”

“ஒண்ணுமில்லண்ணே.”

அவர் முகம் வாடிப்போனது. பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனால் தகப்பன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என்னதான் இருந்தாலும் நல்ல கல்லு மேடம் என்று முணுமுணுத்தார். ஆமாம் என்றேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நல்லெண்ணெய் நான் வாங்கிக் கொடுத்தேன், செக்கில் ஆட்டியது, ஒரு லிட்டர். அண்ணன் ஆச்சரியமாகப் பார்த்தார். மற்றக் கற்களுக்கு எப்போதும்போல வையுங்கள், இனிச் சோதனைக்கே போகாத கீழ்ச்செங்குவளைக் கல்லுக்கு மட்டும் இரண்டு கை கூடுதலாகத் தடவுங்கள் என்று சொல்லிவிட்டு, என் பங்குப் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.